மின்விசிறியை மாற்றுவது இலாபமா?

நன்றாக ஓடும் பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு, மின்செலவு குறைந்த பி.எல்.டி.சி. விசிறியை மாட்டலாமா என்று வாடிக்கையாளர்கள் எங்களைக் கேட்பதுண்டு. அது நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கும்.

முழு வேகத்தில் பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும். புதியது 30 வாட். நாள்தோறும் 12 மணி நேரம் ஓடும் கூடத்து விசிறியை மாற்றினால் மாதம் 16 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 6 ரூபாய் எனில் 96 ரூபாய். விலை 3,000 ரூபாய் என்று கொண்டால், இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் போட்ட பணம் திரும்பும்.

ஒரு மணி நேரமே ஓடும் விருந்தினர் அறை விசிறியிலோ மாதம் 8 ரூபாய்தான் மிச்சம். போட்ட பணம் திரும்ப 30 ஆண்டுகளுக்கு மேலாகும். தவணையில் வாங்கினால் வட்டியையும் விலையோடு கூட்ட வேண்டும். ஆகவே அந்த விசிறி பழுதாகும்வரை ஓடட்டும்; பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.