உருகிய பிளாஸ்டிக்கும் உலோகச் சுவரும்

ஆற்றின் நடுவே நீர் விரைந்து ஓடுகிறது. கரையோரத்தில் மெல்லச் செல்கிறது. குழாயிலும் இவ்வாறே நிகழ்கிறது. சுவரைத் தொட்டிருக்கும் நீரடுக்கு அசைவதே இல்லை என்று கொண்டு பொறியியலார் கணக்கிடுகின்றனர். அக்கணக்கு நடைமுறையோடு பொருந்தியும் வருகிறது. ஆனால் பாலித்தீன் போன்ற பலபடிகள் உருகி ஓடும்போது இவ்விதி எப்போதும் செல்லுவதில்லை. அவை சில வேளைகளில் சுவரைப் பற்றி நிற்கின்றன. சில வேளைகளில் அதன்மீதே நழுவிச் செல்கின்றன. இதன் காரணத்தையும் பயனையும் இங்குக் காண்போம்.

பாலித்தீன் தாள், குழாய், மின்கம்பியின் உறை ஆகியவை முறுக்குப் பிழிவதையொத்த முறையில் தயாராகின்றன. சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உருகிய பொருளை ஒரு திருகு அழுத்தி, எஃகு அச்சின் வாய்வழியே தள்ளுகிறது. வேகம் குறைவாயிருக்கையில் வெளிவரும் பொருள் வழவழப்பாயிருக்கும். சிலவகைப் பாலித்தீனில் வேகம் ஒரு வரம்பைக் கடந்ததும் மேற்பரப்பில் நுண்ணிய வரிகள் தோன்றிச் சொரசொரப்பாகும். இதனைச் 'சுறாத்தோல்' என்பர். இன்னும் விரைவுபடுத்தினால், வழவழப்பும் சொரசொரப்பும் மூங்கில் கணுக்களைப் போல மாறி மாறி வரும். ஆகவே ஒரு யந்திரம் மணிக்கு எவ்வளவு சரக்குத் தரும் என்பதை யந்திரத்தின் ஆற்றல் மட்டுமன்று, அச்சின் சுவரும் நிர்ணயிக்கிறது.

பலபடியின் மூலக்கூறு, ஆயிரக்கணக்கான சிற்றலகுகளைக் கோத்த நீண்ட சங்கிலியாகும். உருகிய நிலையில் இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சுவரருகே உள்ள சங்கிலியின் அலகுகள் சில சுவரின்மேல் ஒட்டிக்கொள்ளும். இதுவே பரப்புக் கவர்தல். ஓர் அலகின் பிடி வலுவற்றதுதான். ஆயினும் பலர் பற்றிய தேர்வடத்தில் ஒரு கை நழுவினாலும் வடம் கீழே விழுவதில்லை அன்றோ? ஒட்டிய இடங்களுக்கு இடைப்பட்ட பகுதிகள் கண்ணிகளாகவும், முனைகள் வால்களாகவும் உருகலுக்குள் நீண்டு, அங்குள்ள சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன. சுவர் அச்சங்கிலியைப் பிடிக்க, அது உருகலைப் பிடித்து நிறுத்துகிறது.

பிரெஞ்சுப் பௌதிக அறிஞர் டி ஜென், பலபடி ஒட்டாத வழவழப்பான சுவரின்மீது உருகல் பெரிதும் நழுவ வேண்டும் என 1979-இல் கூறினார். 1992-இல் அவரும் புரோஷாரும் ஒட்டிய சங்கிலிகளின் நிலையை ஆராய்ந்தனர். இழுவிசை ஒரு வரம்பைக் கடந்ததும் அச்சங்கிலிகள் நீண்டு பின்னலினின்று விடுபடும். உடனே உருகல் நழுவத் தொடங்கும் என்பது அவர்கள் முடிபு. மறு ஆண்டே மிக்லர், எர்வே, லெஜே ஆகியோர் சிலிக்கோன் பலபடியைச் சிலிக்காப் பரப்பின்மீது ஓடச்செய்து, சுவரையொட்டிய மெல்லிய அடுக்கின் வேகத்தை லேசர் ஒளியால் அளந்து, இத்திடீர் மாற்றத்தைக் கண்டனர். கவர்ச்சி குறைந்த சுவரிலோ சங்கிலிகள் சுவரைவிட்டே பெயர்ந்துவிடலாம். இவ்விரு வழிகளையும் ஒரே கொள்கையில் இணைத்து விளக்கும் ஆய்வொன்றை, புணே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜோஷி, லேலே, மாஷேல்கர் ஆகியோர் 2000-இல் வெளியிட்டனர்.

நழுவலை அளப்பது எங்ஙனம்? வேகம் சுவருக்கு அப்பால் எத்தொலைவில் பூச்சியமாகும் எனக் கணக்கிட்டுப் பெறுவதே 'நழுவல் நீளம்'. குழாயின் ஆரம் 1 மில்லிமீட்டர், நழுவல் நீளம் 0.1 மில்லிமீட்டர் எனில், பாகுநிலை மாறாதெனக் கொண்டால், அதே அழுத்தத்தில் 40 சதவீதம் கூடுதலாக உருகல் வெளியேறும். சோதனை முறையை மூனி 1931-இல் வகுத்தார். நீளத்திற்கும் ஆரத்திற்குமுள்ள விகிதம் சமமான இரு குழாய்களில் ஒரே அழுத்தத்தைச் செலுத்த வேண்டும். விநாடிக்கு வெளியேறும் கனஅளவை ஆரத்தின் முப்படியால் வகுத்தால், நழுவல் இல்லையேல் இரண்டும் சமமாகும். நழுவல் உண்டெனில் குறுகிய குழாயின் எண் மிகும். உயர் வகுப்பு மாணவர்க்கு இது நல்லதொரு கணக்காகும்.

இனிப் பரிகாரம். அச்சின் சுவரை ஒட்டி மெதுவாக வந்த உருகல், வாயைக் கடந்ததும் திடீரென விரைவடைகிறது. அதனால் மேலடுக்கு இழுபட்டுக் கிழிகிறது. சுவரிலேயே அதனை நழுவவிட்டால் இவ்விழுப்புக் குறையும். இதற்காக ஃபுளோரின் கொண்ட பலபடியைப் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு கலப்பர். அது சிறிது சிறிதாகச் சுவரில் படிந்து வழுக்குப் பூச்சாகிறது. அச்சைத் துலக்கியபின் சொரசொரப்பு மீண்டும் தோன்றினால், மூலப்பொருளைக் குறைகூறுமுன் பூச்சு மறுபடி படிவதற்கு அவகாசம் தந்து பார்த்தல் வேண்டும்.

ஆயினும் இவ்வகை ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதிற் சிதைவதில்லை. ஆதலின் பல நாடுகளில் இவற்றுக்கு மாற்றுத் தேடுகின்றனர். மாற்றுப்பொருள் சுவரைப் பற்ற வேண்டும், உருகலையோ பற்றலாகாது. இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்த, தீங்கற்ற பொருளைக் கண்டறிவதே இத்துறையினர் முன்னுள்ள பணியாகும்.