திண்ணைப் பாடம் – 7: பத்துக் கட்டம் போதும்

முறுக்கை எண்ணி முடித்த பிள்ளையிடம் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் எழுத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். இடையில் ஓர் ஆய்வைப் படித்தேன். அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ‘ஹெட் ஸ்டார்ட்’ பாலர் பள்ளிகளில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளை ஒரு விளையாட்டு ஆட வைத்தார்கள். ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எழுதிய பத்துக் கட்டம். சுழற்றிவிட்ட முள் ஒன்றிலோ இரண்டிலோ நிற்கும். அத்தனை கட்டம் காயை நகர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி, இருபது நிமிடம். இரண்டு வாரத்துக்குள் நாலே தடவை. எண்ணுவதிலும், எழுதிய எண்ணைப் பார்த்துச் சொல்வதிலும், எது பெரிய எண் என்று கண்டுபிடிப்பதிலும் பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் கற்றது கலையவில்லை. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் பூசிய பலகையில் ஆடிய பிள்ளைகளிடம் இந்த வளர்ச்சி இல்லை. அடுத்த ஆண்டு கட்டங்களை வட்டமாக அடுக்கியும் பார்த்தார்கள். நேர்வரிசை தந்த பலனை வட்டம் தரவில்லை!

எட்டாம் கட்டத்துக்குப் போன காய், நாலாம் கட்டத்துக் காயைப் போல இரண்டு மடங்கு தூரம் போயிருக்கிறது. நேரமும் கூடுதல், வாய் சொன்ன எண்களும் கூடுதல். எட்டு பெரிது என்பது கண்ணிலும் கையிலும் காதிலும் சேர்ந்து பதிகிறது. நூறு வரை ஒப்பிக்க வைப்பதில் இது கிடைக்காது.

ஒரு சூட்சுமம் உண்டு. காய் 5-ல் நிற்கும்போது இரண்டு விழுந்தால், ‘ஒண்ணு, ரெண்டு’ என்று நகர்த்தித்தான் நாமெல்லாம் பழகியிருக்கிறோம். இங்கே ‘ஆறு, ஏழு’ என்று சொல்லி நகர்த்த வேண்டும். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-ல் நூறு வரையுள்ள பலகையை வைத்துச் செய்த ஆய்விலும், இப்படி விட்ட இடத்திலிருந்து எண்ணிய பிள்ளைகளே நன்றாகத் தேறினார்கள்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். அன்று மாலையே தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட்டார். பேத்திக்கு ஒரு பொத்தான், அவருக்கு ஒரு பாட்டில் மூடி. முள்ளுக்குப் பதில், ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த இரண்டு புளியங்கொட்டை. எத்தனை வெள்ளையோ அத்தனை கட்டம். ஒருமுறை இரண்டுமே கறுப்பாக விழுந்தன. பேத்தி பொத்தானை நகர்த்தப் போனாள்.

“வெள்ளை எத்தனை கண்ணு?”

“ஒண்ணுமே இல்ல ஆச்சி.”

“அப்ப எத்தனை கட்டம் போகணும்?”

கொஞ்சம் யோசித்துக் கையை எடுத்துக்கொண்டாள். பூஜ்ஜியத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடும் வீடுகளில் பலகை தயாராக இருக்கும். ஆனால் அதில் வரிசைக்கு வரிசை திசை மாறும். பாம்பு கொத்தினால் காய் சட்டென்று கீழே இறங்கிவிடும். நாலு வயதுக்கு அது பாரம். முதலில் பத்தே போதும்.

எழுத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. ‘கெ’ எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் ககரத்தை முதலில் எழுதி, கொம்பைப் பின்னால் போடுவது ஏன்? காதில் முதலில் விழுவது ககரம், தாளில் முதலில் வருவது கொம்பு. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)