மார்பில் வளரும் இனச்செல் கட்டி: நுரையீரல் புற்றுநோயிலிருந்து வேறுபடுவது எப்படி?

2011 மார்ச் 20 அன்று சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் 113 ரன்கள் எடுத்த யுவராஜ் சிங், ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். வெயிலின் தாக்கம் என்றே பலரும் கருதினர். 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரது மார்பில் புற்றுக்கட்டி இருப்பது தெரியவந்தபோது, 'நுரையீரல் புற்றுநோய்' என்று செய்தி பரவியது. உண்மையில் அது இரு நுரையீரல்களுக்கும் இடையே வளர்ந்த 'செமினோமா'. வழக்கமாக விதைப்பையில் தோன்றும் இனச்செல் கட்டி அது.

விந்தணுவுக்கும் கருமுட்டைக்கும் மூலமான செல்களே இனச்செல்கள். கருவின் தொடக்க வாரங்களில் இவை மஞ்சட்கருப் பையின் அருகே தோன்றி, உடலின் நடுக்கோட்டை ஒட்டி நகர்ந்து, இனப்பெருக்க உறுப்புகள் உருவாகும் இடத்தைச் சென்றடைகின்றன. வழிதவறிய சில செல்கள் இடையிலேயே தங்கிவிடுவதுண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மூளையின் பீனியல் சுரப்பி, நடுமார்பு, வயிற்றின் பின்புறம், வால் எலும்பு என இக்கட்டிகள் பெரும்பாலும் நடுக்கோட்டிலேயே காணப்படுவதற்கும் அதுவே காரணமாகக் கூறப்படுகிறது. இனச்செல் கட்டிகளில் 2 முதல் 5 விழுக்காடு மட்டுமே இவ்வாறு வெளியிடங்களில் தோன்றுகின்றன.

அரிது என்பதாலேயே நோய் தவறாகக் கணிக்கப்படும் ஆபத்து அதிகம். இளைஞர் ஒருவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் இருந்து, எக்ஸ்ரேயில் நடுமார்பில் நிழல் தெரிந்தால், நம் நாட்டில் முதலில் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பே. அங்கேயே நின்றுவிடலாகாது. ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. ஆகிய இரு இரத்தப் பரிசோதனைகளும் திசுப் பரிசோதனையும் உண்மையைக் காட்டக்கூடும். விதைப்பையில் மறைந்துள்ள கட்டியிலிருந்து நோய் பரவியதா என்பதை அறிய, அங்கும் ஸ்கேன் எடுப்பது அவசியம்.

பாலக்காட்டிலிருந்து கோவைக்கும், இடுக்கியின் குமுளிப் பகுதியிலிருந்து தேனி, மதுரைக்கும் எல்லை கடந்து சிகிச்சைக்குச் செல்வோர், திசு அறிக்கையுடன் திசு மாதிரியையும் கேட்டுப் பெற்றுச் செல்வது நல்லது. மறு ஆய்வுக்கு அது உதவும்.

கட்டியின் பெயர் சரியாகத் தெரிந்தால் சிகிச்சையே மாறிவிடும். 1974-இல் சிஸ்பிளாட்டின் அடிப்படையிலான கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய லாரன்ஸ் ஐன்ஹார்ன்தான், அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் யுவராஜுக்கும் சிகிச்சை அளித்தார். நடுமார்புச் செமினோமா நோயாளிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். அதே இடத்தில் தோன்றும் செமினோமா அல்லாத இனச்செல் கட்டிகளில் இந்த அளவு பாதிக்கும் கீழே குறைகிறது. இம்மருந்துகள் விந்தணு உற்பத்தியைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிகிச்சைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கத் தயங்கக் கூடாது.

2012 செப்டம்பர் 11 அன்று, நியூஸிலாந்துக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில், அதே சேப்பாக்கத்தில் யுவராஜ் மீண்டும் களமிறங்கி 34 ரன்கள் எடுத்தார். அந்த ஆட்டத்தில் இந்தியா ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்றது.