ஏரிக்கரைமேல் மிதிவண்டி

மிதிவண்டி என்றதும் வேலைக்குச் செல்லும் வண்டி என்ற எண்ணமே நம் இல்லங்களில் முதலில் எழும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பல்லாண்டுக் காலம் தொழிலாளர் சோற்றுத் தூக்குடன் தோல் தொழிற்சாலைக்குச் சென்றது இந்த வண்டியின்மீதுதான். பால்காரரும் அஞ்சல்காரரும், ஊர் ஊராகச் சென்று செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரும் இதனையே நம்பியிருந்தனர். இன்றோ மோட்டார் வண்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் மிதிவண்டியும் பல வீடுகளில் திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. அதனை ஒரு விடுமுறை நாளில் வெளியே எடுத்து, தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரைச் சரளைப் பாதையில் குடும்பத்தோடு ஓட்டிச் செல்லுமாறு வாசகர்களை அழைக்கிறோம். காற்று வாங்கலாம், பறவை பார்க்கலாம். அவற்றோடு, நம் பிழைப்புக்கும் நம் தண்ணீருக்கும் நடுவே நெடுநாளாக நடந்துவரும் வழக்கு ஒன்றும் அங்கே கண்ணுக்குப் புலப்படும்.

மேல்நாடுகளில் சரளைப் பாதையில் மிதிவண்டி ஓட்டுவது இந்நாளில் பெரியதொரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. அதற்கென அகன்ற டயருள்ள வண்டிகளே தனியாகச் செய்கின்றனர். பிரான்சு நாட்டின் தென்கோடியில், ரோன் ஆறு மத்தியதரைக் கடலில் கலக்கும் இடத்தில், கமார்க் என்னும் சமவெளி உள்ளது. நெல் வயல்களும் உப்பங்கழிகளும் பூநாரைக் கூட்டங்களும் நிறைந்த அந்நிலத்தில், கடல் நீர் உள்ளே புகாதபடி 1850-களின் இறுதியில் நீண்டதொரு கரையை எழுப்பினர். இன்று அதன்மேல் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. நடப்போரும் மிதிவண்டியில் வருவோருமே செல்கின்றனர். பாதையின் ஒரு முனையில் மரியாள்களின் பெயரைத் தாங்கிய பழம்பெரும் திருத்தலம் ஒன்று உண்டு. உயிர்த்த ஆண்டவரின் கல்லறைக்குச் சென்ற பெண்களுள் சிலர் படகேறி அக்கரையில் வந்திறங்கினர் என்பது அப்பகுதி மக்களின் மரபு. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே திருப்பயணிகள் திரளுகின்றனர்.

அந்த நிலத்துக்கும் நம் நிலத்துக்கும் உள்ள ஓர் ஒற்றுமையை இங்கே சொல்லிவிட வேண்டும். கமார்க்கில் மண்ணுக்கடியில் உப்பு காத்திருக்கிறது. நெல்லுக்காக ரோன் ஆற்றின் நன்னீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பதால்தான் அது மேலே ஏறாமல் அடங்கிக் கிடக்கிறது. நம் பாலாற்றுப் பகுதியிலும் உப்புதான் பகைவன். ஆனால் இங்கே அது கடலிலிருந்து வரவில்லை.

கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ் மண்ணில் நுழையும் பாலாறு, கடலை அடைவதற்கு முன் இங்கே 222 கிலோமீட்டர் செல்கிறது. செல்கிறது என்று எழுதினோமேயன்றி, ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அது வெறும் மணல்தான். ஆயினும் முன்னோர் அதனை வறண்ட ஆறு என்று தள்ளிவிடவில்லை. மணலுக்கடியில் நீர் ஓடுவதை அறிந்து ஊற்றுக்கால் வெட்டினர். வெள்ளம் வரும் சில நாட்களில் அதனை மடக்கி ஏரிகளில் சேர்த்தனர். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால் அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. பேருந்தில் செல்வோருக்கு இந்தத் தொடர் புலப்படாது. ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கி, வரத்துக்கால்வாயை ஒட்டியே மிதித்துச் செல்பவனுக்கு அது கைரேகைபோல் தெரியும்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் வாலாஜாப்பேட்டை. அவ்வூருக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 1858-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அணைக்கட்டு இன்றும் பணி செய்கிறது. கமார்க்குக் கடற்கரையை எழுப்பிய அதே காலம்! இங்கிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி மாமண்டூர் ஏரிகளுக்கு நீர் கொண்டு செல்கின்றன. 2021 நவம்பர் வெள்ளத்தின்போது இந்த அணைக்கட்டின்மேல் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலாக நீர் புரண்டு சென்றது. மணலாகவே ஆற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அன்றுதான் பாலாறு என்ற பெயரின் பொருளை அறிந்தனர்.

காவேரிப்பாக்கம் ஏரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். ஏறத்தாழ 4,000 ஏக்கர் பரப்பு. தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்பர். 1752-ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி கிளைவு பிரெஞ்சுப் படையை முறியடித்த போர் இவ்வூரில்தான் நிகழ்ந்தது. ஆனால் கரைமேல் மிதிவண்டியுடன் நிற்பவனுக்குக் கிளைவின் நினைவு வருவதில்லை. ஒரு பக்கம் வானத்தைத் தொடும் நீர்ப்பரப்பு. நாரையும் நீர்க்காகமும் கொக்கும் நின்று மீன் தேடும் ஓரங்கள். மறு பக்கம், கரைக்கு வெகு கீழே, பச்சை நெல் வயல்கள். கரை எவ்வளவு உயரம் என்பது அப்போதுதான் உறைக்கும். நீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே மக்கள் உழுகின்றனர், உறங்குகின்றனர், பிள்ளை வளர்க்கின்றனர். இந்த மண்ணணையின் உறுதியை நம்பித்தான் அத்தனையும் நடக்கிறது. ஆங்காங்கே மதகு. அதன் திருகைச் சுற்றினால் எத்தனை வயலுக்கு நீர் போகும் என்பதைக் கரையில் மாடு மேய்க்கும் முதியவர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார், கேளாமலும் சொல்லுவார்.

நெமிலி வட்டத்து மகேந்திரவாடியில் ஏழாம் நூற்றாண்டின் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். அதன் கல்வெட்டிலேயே ஏரியின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ஏரி தன் பெயரை இழக்காமல் இருக்கிறது என்றால், அதனைத் தூர் வாரிக் கரை கட்டி வந்த பெயரற்ற கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வண்டியை மேற்கே திருப்புவோம். ஆர்க்காடு, மேல்விசாரம், வேலூர், விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, ஆம்பூர் என்று ஆற்றை எதிர்த்துச் செல்லும் வழி இது. நெடுஞ்சாலையைத் தவிர்த்து, ஆற்றோரச் சிற்றூர்ப் பாதைகளில் செல்வதே நலம். பள்ளிகொண்டா வரையில் தென்னந்தோப்பும் நெல்லும் கரும்பும் துணை வரும். ஆம்பூரை நெருங்க நெருங்கக் காட்சி மாறும். வரப்பு இருக்கும், வயல் இராது. கிணறு இருக்கும், ஏற்றமோ பம்புசெட்டோ இராது. வேலிகாத்தான் முள் ஏறிய நிலங்கள் நடுவே, மண்மேல் வெண்மையாகப் பொரிந்து கிடப்பது என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அதற்கு விடை சொல்லத் தோல் பதனிடும் முறையைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். உரித்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பைத் தூவுவது வழக்கம். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை, நீரில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி நீக்குவது. உப்புநீர் பிறப்பது அங்கேதான். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். அவ்வாறு பதனிட்ட தோல் சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. நம் பாட்டனார் காலத்து மிதிவண்டியின் இருக்கையும் பதனிட்ட தோல்தானே! 1970-களின் தொடக்கத்தில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மைய அரசு கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி வந்தது, வேலைவாய்ப்பும் பெருகியது. குரோமிய முறையும் அதனோடு பரவியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்பட்டது. அந்நீர் உப்போடும் இரசாயனங்களோடும் ஓடைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்றது. இராணிப்பேட்டையிலோ, 1970-களில் தொடங்கி 1990-களில் மூடப்பட்ட குரோமிய இரசாயன ஆலை ஒன்று, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியில் குவித்துவிட்டுச் சென்றது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை இதனை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சட்டம் பயிலும் மாணவர்கள் எல்லா மாநிலங்களிலும் நம் வேலூரின் பெயரை அதனால்தான் படிக்கின்றனர். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டு நிலைமை ஓரளவு திருந்தியது மெய்யே. ஆயினும் அந்நிலையங்களின் முதற்கால முறைகள் உப்பை நீக்க வல்லவையாக இல்லை. பின்னர் வந்த சவ்வு வடிகட்டிகள் நீரைப் பிரித்தெடுக்கின்றன. உப்பு குவியலாக எஞ்சி நிற்கிறது. அதனை எங்கே வைப்பது என்பது இன்னும் தீராத வினா. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

முதல் தீர்ப்புக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 சனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியதாயிற்று. ஈட்டுத்தொகை பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அதனை வழங்கவும், பாலாற்றைச் சீர்செய்வதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் அன்று ஆணையிட்டது.

எல்லாப் பழியையும் தோல் தொழிலின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. மணலை அள்ளியவர்கள் யார்? நகரத்துச் சாக்கடையை ஆற்றில் விட்டவர்கள் யார்? ஏரியில் வீடு கட்டிக்கொண்டவர்கள் யார்? மேலே அண்டை மாநிலங்களின் அணைகளும் உள்ளன. புல்லூர்த் தடுப்பணையை ஆந்திர அரசு 2016-இல் உயர்த்தியது. மேலும், தோலும் காலணியும் நம்மவர் ஆயிரக்கணக்கானோரின் அன்றாட உணவு. காலணித் தொழிற்சாலைகளின் வேலை முடிந்து வெளியேறும் கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கூலியில் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகள் நம் பங்குகளில் எத்தனையோ பேர். அதே பெண்களின் தந்தையர் அதே ஊரில் நிலத்தை இழந்த உழவர்களாகவும் இருக்கலாம். ஒரே குடும்பத்துக்குள் இரு பக்கமும் இருப்பதால்தான் இவ்வழக்கை எளிதில் பேசி முடிக்க இயலவில்லை என்று நாம் கருதுகிறோம்.

பயணம் செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் சனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்ற காலம். ஞாயிறாயின் முதல் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பலாம். புதிய மாதிரி வண்டி எதுவும் தேவையில்லை. பழைய கனத்த வண்டியே சரளையில் ஆடாமல் செல்லும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள். வேலிகாத்தான் முள் எந்த டயரையும் விடாதாகையால், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கைப்பம்பும் உடன் இருக்கட்டும். ஆம்பூர்ப் பக்கம் குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். கிணற்று நீரைப் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். மதகின் அருகே நீர் மிக ஆழம். கலங்கலில் நீர் வழியும் நாட்களில், கணுக்கால் அளவுதானே என்று எண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடக்க முயலாதீர்கள்; பாசி வழுக்கும், நீரின் இழுப்பும் பார்வைக்குத் தெரியாது. கரை முனைத் தேநீர்க் கடையில் அமர்ந்து, வந்த வழியே திரும்பி, வேறொரு ஞாயிறு வாருங்கள்.