முனையைத் தொடாத பிடி

விழுப்புரம் மாவட்டத்துக் கெடார் போன்ற ஊர்களில் கோடைப் பயிரின் உயிர் கிணற்று மோட்டாரில் இருக்கிறது. மோட்டார் பழுதுற்றால், குழாய் இணைப்பிலுள்ள துருவேறிய நட்டுகளைக் கழற்றுவதே முதல் வேலை. அவற்றுள் ஒன்றின் முனை மழுங்கிவிட்டால் உளியும் சுத்தியலும் தேடவேண்டும். வாடும் பயிரோ காத்திராது. இதற்குத் துருவை மட்டும் பழிப்பது முறையன்று. கருவியின் வடிவத்துக்கும் இதில் பங்குண்டு.

நட்டு அறுகோண வடிவினது. அதன்மேல் எளிதாக அமரும்பொருட்டுச் சாக்கெட்டின் உட்குழிவு சற்றே பெரிதாகச் செய்யப்படுகிறது. அந்தச் சிறு இடைவெளியே தொல்லையின் வேர். கைப்பிடியைத் திருப்பும்போது சாக்கெட் சிறிது சுழன்ற பின்னரே நட்டைப் பற்றுகிறது. அப்போது பக்கத்தோடு பக்கம் படிவதில்லை; முனைகளை ஒட்டிய ஆறு மெல்லிய கோடுகளில் மட்டுமே தொடுகை நிகழ்கிறது. 25 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 200 நியூட்டன் விசை தந்தால், திருப்பு விசை 50 நியூட்டன் மீட்டர். 19 மி.மீ. நட்டில் இது ஒவ்வொரு முனையருகிலும் ஏறத்தாழ 1500 நியூட்டனாக, அதாவது 150 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு கிடைக்கும் அல்லவா? பரப்பு கோடளவாகச் சுருங்கும்போது தகைவு மீட்சி எல்லையைக் கடக்கிறது. உலோகம் நசுங்கி முனை உருள்கிறது.

இக்குறையைப் போக்கச் சாக்கெட்டின் உள்மூலைகளை வளைவாகக் குடைந்தனர். இதனால் நட்டின் முனை எதன்மீதும் படுவதில்லை. முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய பக்கப்பரப்பே பிடிபடுகிறது. அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் இதனை ‘ஃபிளாங்க் டிரைவ்’ என்னும் பெயரில் பரப்பியது. இன்று வேறு பெயர்களில் பலரும் செய்கின்றனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொடுமிடம் பக்கத்தின் நடுவை நோக்கி நகர்ந்தால் நெம்பும் தொலைவு குறையும். ஆகவே அதே திருப்பு விசைக்கு நட்டின்மீது விழும் விசை குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்கிறது. ஆயினும் அது அகன்ற பரப்பில் பரவி, உலோகம் தடித்துள்ள இடத்தில் விழுவதால் நட்டு தாங்கிக்கொள்கிறது.

பன்னிரு முனைச் சாக்கெட் 30 பாகைக்கு ஒருமுறை பொருந்தும். நெருக்கடியான இடத்தில் அது வசதியே. எனினும் அதன் பற்றும் சுவர்கள் குறுகியவை. திறந்த வாய் ஸ்பேனரோ இரு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். எனவே, துருவேறிய நட்டுக்கு அறுமுனைச் சாக்கெட்டையே முதலில் எடுத்தல் வேண்டும். மூலை குடைந்த சாக்கெட் கையிலிருந்தால், முனை ஓரளவு மழுங்கிய நட்டையும் பெரும்பாலும் கழற்றிவிடலாம். பக்கங்கள் எஞ்சியிருந்தால் போதும்.