கீழே கொத்து, மேலே குடித்தனம்

பின்கதவால் வாருங்கள். முன்பக்க ஷட்டர் அரைவாசிதான் ஏறியிருக்கிறது. அதற்குக் கீழே இப்போதுதான் படிக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்கள், கால் வைத்தால் பாஸ் சத்தம் போடுவார். இந்தச் சந்துக்குள் திரும்பி, வெங்காய மூட்டையைத் தாண்டி, லீக்ஸ் கட்டுக்கும் கோவாக் கூடைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியால் உடம்பை ஒருக்களித்து நுழையுங்கள். சாத்தி வைத்திருக்கிற வாழை மரம் இரண்டும் நாளை வாசலில் கட்டுவதற்கு. குலையை இடித்துவிடாதீர்கள்.

நாளைக் காலை திறப்பு. கீழே சாப்பாட்டுக் கடை, அதற்கு மேல் மூன்று மாடியில் ஆறு வீடுகள். நாவலப்பிட்டி கடைத்தெருவில் புதிதாக எழும்பிய இந்தக் கட்டடத்தைத் திறப்புக்கு முன்தினமே உள்ளே புகுந்து பார்க்க எனக்கு வாய்த்திருக்கிறது. மேசன் பாஸ் தெரிந்தவர். "நாலு மணிக்கு வாங்க. எல்லாரும் பறந்துக்கிட்டு இருப்பாங்க, யாரும் ஒங்கள கேக்க மாட்டாங்க" என்றார். மூன்றரைக்கே வந்துவிட்டேன்.

உள்ளே முதலில் மூக்கில் ஏறுவது பெயின்ட் வாடை. அதற்குப் பின்னால் கோழிக்கறி. வெள்ளைப் பீங்கான் பிளேட்டுகள் வைக்கோலோடு பெட்டிகளில் கிடக்கின்றன. ஒரு பையன் அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்க்கிறான். பக்கத்தில் இன்னும் பொருத்தாத கைகழுவும் தொட்டி கிடக்கிறது. அதற்குள் யாரோ தங்கள் பகல் சாப்பாட்டுப் பொதியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் சுவிட்ச் போட்டால் அல்ல, அணைத்தால். எலக்ட்ரீசியன் தலையில் கைவைத்தபடி ஏணியில் நிற்கிறார். "மல்லி, அத அப்படியே விட்டா நாளைக்கு பூசைக்கு காத்து வருமே!" என்று குசினிக்குள்ளிருந்து ஒரு குரல். ஏணியே ஆடும் அளவுக்கு அவர் சிரிக்கிறார்.

குசினியில் ஆறு பேர். எல்லார் தலையிலும் புதுத் தொப்பி. நேற்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. ஐயா, வந்து தண்ணீர், கழிவு வாய்க்கால், வேலையாட்களின் மருத்துவச் சான்று எல்லாம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் போன பிறகும் தொப்பியைக் கழற்ற ஒருவருக்கும் மனமில்லை, புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி. ரொட்டி போடுகிற தம்பி தொலஸ்பாகைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எட்டு வருஷம் வளைகுடாவில் ஹோட்டல் குசினியில் நின்றவர். எண்ணெயில் ஊறிக் கிடக்கிற மா உருண்டையை எடுத்து, தட்டி, இரண்டு வீச்சு. மூன்றாவது வீச்சில் அது சேலைத் தலைப்பு மாதிரி விரிந்து, அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிறது. "அங்க ஒரு நாளைக்கு எத்தனை போட்டேன்னு எண்ணினதே இல்ல. இங்க மொதல் நாளே எண்ணப் போறேன்" என்கிறார். ஏன் என்று கேட்டேன். "இது நம்ம ஊரு."

இந்த ஊருக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவுக்கு ரயிலின் வயது. பேராதனையிலிருந்து பாதை நீண்டு 1874இல் நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது. அடுத்த துண்டு நானுஓயாவைத் தொட 1885 ஆயிற்று. இடையில் பல வருஷம் மலைநாட்டுப் பாதை முடிகிற இடமே இதுதான். அதற்குப் பிறகும் நீராவிக் காலத்தில் ரயில் இங்கே நின்று, இன்னொரு எஞ்சினைச் சேர்த்துக்கொண்டுதான் ஏற்றத்துக்குப் புறப்படும். நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயர்கிற கடும் ஏற்றம் அது. ரயில் நிற்கிற ஊரில் பசி இறங்கும், தேத்தண்ணி வாளி கொதிக்கும், கடைக்கு மேலேயே கடைக்காரர் குடும்பம் குடியிருக்கும். இந்தப் புதுக் கட்டடத்தைப் பார்த்து ஊர் வாய் பிளந்தாலும், கீழே வியாபாரம், மேலே அடுப்பு என்கிற ஏற்பாடு கடைத்தெருவின் பழைய பழக்கம்தான். குளியலறையும் பல்கனியும்தான் புதிது.

சரி, வாருங்கள், முக்கியமான இடத்துக்கு. கொத்துத் தகடு!

முன்பக்க மூலையில், தெருவைப் பார்த்தபடி, வெல்டிங் கடையிலிருந்து நேற்று வந்த கனத்த இரும்புத் தகடு. இரும்பு இன்னும் சாம்பல் நிறம். அரைத்த கோடுகள் தெரிகின்றன. இதில் அப்படியே ரொட்டியைப் போட்டால் ஒட்டும், இரும்பு வாடை அடிக்கும். முதலில் தகட்டைப் பழக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நானாவுக்கு. இருபத்திரண்டு வருஷமாகக் கொத்து அடிப்பவர். பழைய கடையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு சாரத் துணிப் பொட்டலம். அதைப் பிரித்தார். மரப்பிடி போட்ட இரண்டு தகட்டுக் கத்திகள். பிடியில் அவர் பெருவிரல் பதிகிற இடம் மட்டும் குழிந்து பளபளக்கிறது.

அடியில் நெருப்பு சீறியது. தகடு மெல்ல நீலம் பாய்ந்து, மயில் கழுத்து நிறத்துக்கு வந்தபோது தேங்காய் எண்ணெயை ஊற்றி, பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தைக் கரண்டியில் குத்தி, அரக்கித் தேய்த்தார். புகை எழும்பி எல்லாரும் இருமினோம். துடைத்தார். மறுபடி எண்ணெய், மறுபடி வெங்காயம். மூன்றாவது முறை நடுவில் கறுப்பு பிடித்தது. நான்காவது முறை ஓரங்களும் கறுத்து, எண்ணெய் ஒரே மினுக்கமாகப் பரவியது. நானாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நெற்றி வியர்வை தகட்டில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

அடுத்துச் செய்ததுதான் நான் வாழ்நாளில் பார்த்திராதது. வெறும் தகட்டில் ஒரு கத்தியால் மெல்லத் தட்டினார். நாலு மூலையிலும், பிறகு நடுவில். ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார், தவிலுக்கு வார் பிடிக்கிறவர் மாதிரி. "நடுவுல மொத்தையா கேக்குது. கீழ ஏதோ முட்டுது." பாஸ் குனிந்து பார்த்தார். அடிச்சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு சிறு கல் செருகி நிற்கிறது. எடுத்தார். மறுபடி ஒரு தட்டு. கணீர்! "இப்ப பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகும்" என்றார் நானா. குசினி முழுக்கக் கைதட்டல்.

அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன் முதலாம் மாடிக்குப் போய்விட்டது. இரண்டே நிமிஷத்தில் படியிறங்கி வந்தார் ஒரு தாய். போன வாரம் குடிவந்தவர். கையில் ஈரத் துணி, முகத்தில் கவலை.

"நானா, இது ராத்திரி எத்தனை மணி வரைக்கும்? மகளுக்கு இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை."

எல்லாரும் அமைதியானோம். கொத்துக் கடைக்கு உயிரே இரவு வியாபாரம்தான். கடை முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை எத்தனை மணிக்குப் படிக்கும்?" பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்குமாம். "அப்ப பத்துக்குப் பிறகு தகட்டுல கை வைக்க மாட்டேன். ரைஸ் பார்சல் மட்டும்." முதலாளி ஒரு கணம் கூரையைப் பார்த்தார், பிறகு சரி என்று தலையாட்டினார். அங்கேயே ஒரு பிளேட் பெட்டியின் மட்டையைக் கிழித்து, தடித்த எழுத்தில் 'இரவு 10க்குப் பின் கொத்து இல்லை' என்று மூன்று மொழியிலும் எழுதினார்கள். சிங்கள வரியை எலக்ட்ரீசியன் எழுதினார். ஆங்கில வரியை எழுத ஆள் தேட, பரீட்சை எழுதப்போகிற பிள்ளையே இறங்கி வந்து எழுதிக் கொடுத்தது. நல்ல எழுத்து.

மேலே போவோமா? கைப்பிடி இன்னும் பூட்டவில்லை, சுவரோரமாக வாருங்கள். இரண்டாம் மாடியில் ஒரு குளியலறை வாசலை மண்மூட்டை வைத்து அடைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. இந்தப் பக்கத்து மழை அப்படி. மேலே வட்டவளையும் கினிகத்தேனையும் நனைகிற நனைப்பில் நமக்கும் குறைவில்லாத பங்கு. அதனால்தான் மலைச்சரிவு மாவட்டங்களில் நினைத்தபடி மாடி எழுப்ப முடியாது. மண்சரிவு அபாயம் உள்ள இடமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லும், அதையும் வைத்துத்தான் வரைபடத்துக்கு அனுமதி. இங்கே அதெல்லாம் முடிந்து அத்திவாரம் எழும்பிய பிறகுதான் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது, டீசல் இல்லை, காஸ் இல்லை. தூண்களுக்கு நீட்டிய கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி துருவேறி நின்றன என்கிறார் பாஸ். அந்தத் தூண் ஒன்றை வெறும் கையால் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

கடைத்தெருவில் மாடி எழும்புகிற இந்த மாற்றம் கண்டியில் வேறு அளவில் நடக்கிறது. அந்த நகரின் நடுப்பகுதி 1988 முதல் உலக மரபுரிமைச் சொத்து, உயரத்துக்கும் முகப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு பக்கம் தலதா வீதியில் கண்ணாடிக் கடைத்தொகுதி. இன்னொரு பக்கம் 1876இல் கட்டிய போகம்பறைச் சிறை, கைதிகள் 2014இல் வெளியேறிய பின், அடுத்து யார் குடியேறுவார் என்று காத்திருக்கும் பெருங்கட்டடம். எனக்கென்னவோ, ஒரு சின்ன ஊரின் நாலு மாடிதான் அதிகம் இனிக்கிறது. இங்கே கட்டினவர், சமைக்கிறவர், குடியிருக்கிறவர் மூன்று பேரையும் ஒரே படியில் சந்திக்க முடிகிறது.

மூன்றாம் மாடி. செருப்பைக் கழற்றுங்கள். 6.42க்குச் சுபநேரம், பால் காய்ச்சப் போகிறார்கள். புதுச் சட்டி இருக்கிறது, பால் இருக்கிறது, ஆனால் அடுப்புக்குக் காஸ் குழாய் பூட்ட வேண்டியவர் வரவே இல்லை! மணி 6.31. வீட்டு மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ கீழே குரல் கொடுக்க, ரொட்டித் தம்பியும் பிளேட் துடைத்த பையனும் ஒற்றை அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஓடி ஏறினார்கள், தலையில் தொப்பியோடு. 6.40க்கு நெருப்பு. பால் எழும்பி விளிம்பைத் தொட்டு வழிந்தபோது அந்தக் கூடத்தில் இருந்த சத்தம் கொத்துத் தகட்டையே தோற்கடித்திருக்கும். பையன்கள் நின்று ஒரு வாய் பால் குடிக்கவும் முடியாமல் ஓடினார்கள். மா காய்ந்துவிடுமாம்.

பல்கனியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் இந்த வீட்டு அப்பாயி. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, பிள்ளை பெற்றது எல்லாம் லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்று தோட்டங்களில் வீட்டுத் திட்டங்கள் வந்திருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடு அறிவித்தபோது கூட்டத்தில் இவரும் நின்றாராம். மகன் டவுனைத் தேர்ந்தெடுத்தார், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக. உறுதியும் கைக்கு வந்தாயிற்று. பிளாஸ்டிக் உறைக்குள் அது இப்போது அப்பாயியின் மடியில்.

"எல்லாம் சரிடா. மூணாவது மாடியில இருக்கோமே, நம்ம காணி எங்க?"

மகன் பொறுமையாகச் சொன்னார். மாடி வீட்டுக்குத் தனி உடைமை கொடுக்கிற சட்டம் 1973இலேயே வந்துவிட்டது, அந்த ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். வீடு நமக்குத் தனி. படி, கூரை, கட்டடம் நிற்கிற நிலம் எல்லாம் இங்கே உடைமை உள்ள எல்லாருக்கும் பொது, பங்கின்படி. அப்பாயி வெகுநேரம் யோசித்தார். மகாவலியின் பக்கத்திலிருந்து குளிர்காற்று வந்தது. ஸ்டேஷனில் ரயில் ஊதியது.

"அப்ப கீழ கொத்து அடிக்கிற எடத்துலயும் நமக்கு பங்கு இருக்கா?"

"இருக்கு அம்மா."

வலக்காலால் தரையை இரண்டு தரம் தட்டினார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கதை எங்களுக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது நானா முதல் கொத்தை அடித்துக்கொண்டிருந்தார். ரொட்டித் துண்டு, லீக்ஸ், கரட், முட்டை, மேலே கோழிக்கறியின் குழம்பு. இரண்டு கத்தியும் மாறி மாறி விழ, தெருவில் போன நாலைந்து பேர் பாதி ஏறிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, "தெறந்தாச்சா?" என்று கேட்டார்கள். "நாளைக்கு! நாளைக்கு!" என்று ஆறு தொப்பிகளும் ஒன்றாகக் கத்தின. முதல் பிளேட்டுக்கு முதலாளி கை நீட்டினார். நானா கொடுக்கவில்லை.

"இது காணிக்காரம்மாவுக்கு."

பிளேட் துடைத்த பையன் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி மூன்று மாடி ஏறினான். நானா கத்தியை வைத்துவிட்டுப் படியடியில் போய் நின்று மேலே பார்த்தபடி காத்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் கொத்து அடித்தவர், சாரத்தின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு. பையன் குதித்து இறங்கி வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"உப்பு கொஞ்சம் கொறைவாம் நானா. ஆனா பிளேட்ட குடுக்க மாட்டேங்குறாங்க."