மலைத்தேனும் தீக்குச்சிச் சோதனையும்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். தீக்குச்சியின் மருந்தை அதில் தோய்த்து உரசினால் பற்ற வேண்டும். எறும்பு அண்டக் கூடாது. உறைந்துபோனால் அது சர்க்கரைப் பாகு. தேன் வாங்கப் போகும் எவருக்கும் நம் ஊரில் இந்த நான்கும் மனப்பாடம். நான்குமே தவறு. கெட்டியாகக் காய்ச்சிய எந்தப் பாகும் தண்ணீரில் விட்டால் அடியில்தான் தங்கும். அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதம் பார்ப்பதே அப்படித்தான். தீக்குச்சி பற்றுவது ஈரம் கூடவா குறைவா என்பதைச் சொல்லலாம். அந்த இனிப்பு பூவிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று சொல்லாது. எறும்புக்கு எல்லா இனிப்பும் ஒன்றுதான். உறைவதோ நல்ல தேனுக்கே உள்ள குணம். குளுக்கோஸ் மிகுந்த தேன் சீக்கிரம் மணல்மணலாகப் படியும். ஃப்ரக்டோஸ் மிகுந்த ஆலைப் பாகு மாதக்கணக்கில் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும். இந்தச் சோதனைகளில் கலப்படம் சுலபமாகத் தேறிவிடுகிறது; தோற்பது பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கிவரும் அசல் தேன்.

ஏன் தோற்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தேன் உண்டாகும் இடத்துக்குப் போக வேண்டும். நீலகிரியை எடுத்துக்கொள்வோம். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்ப்பது சிறிய இந்தியத் தேனீயை. பொந்தில் வாழ்ந்து பழகிய இனமாதலால் அது பெட்டிக்குள்ளும் தங்கும். நீலகிரியின் மலைத்தேனீ தங்காது. செங்குத்துப் பாறையின் நெற்றியிலோ உயர்ந்த மரத்தின் கிளையிலோ, மழையும் காற்றும் படும் திறந்த வெளியில், ஒரே ஒரு அடையைத் தொங்கவிடும். அது ஒன்றரை மீட்டர் அகலம்வரைகூட வளரும். ஏப்ரலில் இருந்து ஜூலைவரை குறும்பர்களும் இருளர்களும் அதைத் தேடிப் போகிறார்கள். குறிஞ்சி நிலத் தொழில்களில் ஒன்றாக நம் இலக்கண உரைகள் சொல்லும் தேனெடுத்தல் இவர்கள் செய்யும் வேலைதான். காட்டுக்கொடியைப் பின்னி ஏணியாக்கி, அதைப் பாறை உச்சியில் கட்டி, புகையும் இலைக்கட்டோடு ஒருவர் கீழே இறங்குவார். மேலே கொடியைக் காவல் காப்பது பெரும்பாலும் அவருடைய மைத்துனர். கூடப்பிறந்தவளின் தாலிக்குக் கேடு வரும்படி எந்த அண்ணன் தம்பியும் பிடியைத் தளர்த்த மாட்டான் என்பது அதன் கணக்கு. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, முகத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான தேனீக்கள் இரைய, நீண்ட மூங்கில் கழியால் அடையை அறுத்துக் கூடையில் விழவைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் தேனின் தரமும் தீர்மானமாகிறது.

பூவில் இருந்து தேனீ கொண்டுவரும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர். அறைக்குள் அதைக் கொட்டி, இறக்கையால் விசிறி விசிறி வற்றவைத்து, பதம் வந்ததும் மெழுகால் மூடி போடும். காற்றே ஈரமாக இருக்கும் மழைமலையில், அதுவும் திறந்தவெளி அடையில், இந்த விசிறல் முழுப்பலன் தராது. அதனால்தான் மலைத்தேன் தளர்வாக ஓடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. மலைத்தேன் பல நேரம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஈரம் கூடினால் தேனிலேயே உள்ள ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், நுரை கட்டும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். வாங்கியவர் கலப்படம் என்று திருப்பிக் கொடுப்பார். மூடி போட்ட அறைகளை மட்டும் அறுத்து, புழுக்கள் உள்ள பகுதியைக் கலக்காமல், கையால் பிழியாமல், துணியில் தானாக வடியவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை போன்றவை 1990களிலிருந்து தேனெடுப்பவர்களோடு சேர்ந்து கவனம் செலுத்திவருவது இத்தகைய வேலையில்தான். அறுக்கும் கத்தியும் தேன் ஊற்றும் பாத்திரமும் சுத்தமாக இருப்பதற்கு, எந்தத் தீக்குச்சியை விடவும் மதிப்பு அதிகம்.

வீட்டுச் சோதனைகள் போகட்டும், ஆய்வுக்கூடம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆய்வுக்கூடமும் கலப்படத்துக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கரும்பு, சோளப் பாகு கலந்தால் கண்டுபிடிக்கச் சோதனை வந்தது. உடனே அந்தச் சோதனைக்கு அகப்படாத அரிசிப் பாகு வந்தது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது, என்.எம்.ஆர் எனப்படும் அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை உட்பட எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. உள்நாட்டு விதிகளின் சோதனைகளை மட்டும் வைத்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை தேறியிருந்தன. என்.எம்.ஆர் கருவியோ விலை மிகுந்தது. இரண்டு கூடை தேன் கொண்டுவரும் ஒரு பழங்குடிக் குடும்பம் அதை நாட முடியாது. ஆய்வுக்கூடம் தேவையே, பெரிய நிறுவனங்களைக் கட்டாயம் அதன் முன் நிறுத்த வேண்டும். சிறிய அளவில் எடுக்கும் தேனுக்கு வேறு சான்று வேண்டும்: எந்த மலை, எந்த மாதம், எந்த ஊர்க்காரர்கள் எடுத்தது என்று புட்டியின் மேல் எழுதியிருப்பது. நாவல் பூத்த காலத்துத் தேனில் மெல்லிய கசப்பு இருக்கும்; வேறு பூவின் தேன் வேறு நிறத்தில் வரும். ஆண்டு முழுவதும் ஒரே நிறம், ஒரே சுவை என்று வரும் தேனைப் பார்த்துத்தான் வாங்குபவருக்குச் சந்தேகம் எழ வேண்டும்.

மலைப்பாதை ஓரத்தில் வாளியில் அடை மிதக்க விற்பவர்களும் மலைத்தேன் என்றுதானே சொல்கிறார்கள் என்று கேட்பதும் சரிதான். பாகில் ஒரு துண்டு அடையைப் போட்டு வைப்பது எளிது. கண்ணுக்குத் தெரியும் அடை சான்றாகாது. ஊரும் பெயரும் சொல்லி, அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று பதில் சொல்லக்கூடிய சங்கமோ கூட்டுறவோ விற்றால் அதுதான் சான்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனைச் சிறு வனப்பொருளாகக் கணக்கிட்டு, அதைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை இடைத்தரகரின் தராசைத் தாண்டிச் சந்தைவரை வந்தால்தான் விலை அவர்கள் கைக்குப் போகும். விலை கூடுதல்தான். பாறையில் தொங்கி எடுத்த பொருளும் ஆலையில் காய்ச்சிய பாகும் ஒரே விலைக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் கலப்படத்துக்கு இடம் கொடுக்கிறது.

இவ்வளவுக்கும் மேல் ஒரு கேள்வி உண்டு: தேனீயின் உணவை நாம் பறிக்கலாமா? அடையை முழுவதுமாக அறுத்தால் புழுக்களும் சாகும், கூட்டமும் அந்த இடத்தைவிட்டுப் போய்விடும். ஆனால் மலைத்தேனீ தேனை அடையின் மேல்முனையில் தடித்த ஒரு பகுதியில்தான் சேர்த்து வைக்கிறது. புழுக்கள் வளர்வது அதற்குக் கீழே. தேன் பகுதியை மட்டும் அறுத்துப் புழுப்பகுதியை விட்டுவைத்தால், பூ இருக்கும்வரை அதே கூட்டம் காலியான இடத்தை நிரப்பும். பருவத்துக்குள் மறுபடியும் எடுக்கலாம். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் இனம். மழை முற்றியதும் போய்விடும், மறுபடி பூக்கும்போது வரும், பழைய அடையின் மெழுகுத் தடம் ஒட்டியிருக்கும் அதே பாறையைப் பல நேரம் தேடிவரும்.